பாலத்திற்கும் வேண்டும் ஒரு வருகைப் பதிவேடு



ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு குறி இடுகிறோம். அக்குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எத்தனை முறை விசாரித்திருக்கிறோம்? நான் விசாரிக்கத் தவறிய ஒரு நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்தபின் எனக்கு முதலில் கிடைத்த பணியிடம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்று. ஆற்றின் மறுகரையில் சிறுதோட்டக்காரர்கள் சிலர் குடியிருந்தனர். அங்கிருந்து வரும் மாணவன் ஒருவன் திடீரெனத் தாமதமாக வரத் தொடங்கினான். வாரத்தில் இரண்டு நாள்கள் வரவே இல்லை. முன்னேற்ற அறிக்கையில் ‘படிப்பில் அக்கறை குறைந்துள்ளது’ என்று எழுதினேன். கையொப்பமிட வந்த அவன் தந்தை அதைப் படித்துவிட்டு, “வெள்ளத்துல பாலம் போயிடுச்சுங்க டீச்சர். மரம் சீவிட்டு, சுத்திக்கிட்டுதான் இவனைக் கொண்டாந்து விடுறேன்” என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அறிக்கையை அன்றே திருத்திக் கொடுத்தேன். ஆனால், அவன் இழந்த பாடங்களை அப்படித் திருத்திக் கொடுக்க என்னால் முடியவில்லை.

ஒவ்வொரு வெள்ளச் செய்தியைப் படிக்கும்போதும் அந்தத் தந்தைதான் என் நினைவுக்கு வருகிறார்.

2022 சூலை 4ஆம் நாள் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இனாஸ் மலைப்பகுதியிலிருந்து இறங்கிய நீர், சேற்றையும் பெருமரங்களையும் உருட்டிக்கொண்டு கூப்பாங், இபோய் முதலிய கம்பங்களுக்குள் புகுந்தது. மூவர் உயிரிழந்தனர். வீடுகளோடு பாலங்களும் சேதமுற்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு நாள்களே இருந்தன. நாம் வழக்கமாக வெள்ளத்தை எதிர்பார்க்கும் ஆண்டிறுதிப் பருவமும் அதுவன்று. மலையில் காடு அழிக்கப்பட்டதே காரணம் என்ற குரல்களும் அப்போது எழுந்தன.

அந்த வட்டாரம் ரப்பரையும் நெல்லையும் பழத்தோட்டங்களையும் நம்பி வாழ்வது. அத்தகைய ஊர்களில் பாலம் என்பது வெறும் போக்குவரத்து வசதியன்று. அதிகாலையில் சீவிய பாலைச் சில மணி நேரத்திற்குள் கொண்டு சேர்க்காவிட்டால் அது உறைந்துவிடும். பின்னர்க் கட்டிப்பாலாகத்தான் விற்க முடியும். வெட்டிய செம்பனைக் குலைகள் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகவேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். சுற்றுவழிக்கான எரிபொருள் செலவும் விவசாயியின் தலையில்தான் விழுகிறது. வருமானம் குறையும்போது அந்த வீட்டில் முதலில் தள்ளிப்போவது எது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பள்ளிக் காலணியும் பயிற்சி நூலும்தான்.

ஆகவே, சேதமுற்ற பாலத்தை விரைந்து கட்டவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், என் கருத்து அதோடு நின்றுவிடவில்லை. விழுந்த பாலத்தைப் போலவே இன்னொன்றைக் கட்டுவது, அடுத்த வெள்ளத்திற்கும் ஒரு பாலத்தைக் காவு கொடுப்பதாகும்.

பாலங்கள் எப்படி விழுகின்றன என்று பார்த்தால் இது விளங்கும். நீரின் எடை மட்டும் அவற்றைச் சாய்ப்பதில்லை. அடித்துவரப்படும் மரங்கள் தூண்களுக்கிடையே சிக்கி அணைபோல் அடைத்துக்கொள்கின்றன. நீர்மட்டம் உயர்ந்து பாலத்தின் தளத்தையே தள்ளுகிறது. மற்றொரு பக்கம், விரைந்தோடும் நீர் தூணின் அடிமண்ணை அரித்துவிடுகிறது. சில இடங்களில் பாலம் அப்படியே நிற்கும். அதன் இரு முனைகளிலும் இருந்த மண்சாலை போயிருக்கும். சிற்றோடைகளில் சிமெண்டுக் குழாய்களைப் புதைத்து மேலே சாலை போட்ட இடங்களின் கதி இன்னும் மோசம். குழாயின் வாயை ஒரு மரக்கட்டை அடைத்தாலே போதும்.

எனவே புதிய பாலம் பழையதைவிட உயரமாக இருக்கவேண்டும். தூண்களுக்கிடையே மரங்கள் தடையின்றிக் கடந்துபோக அகலமான இடைவெளி வேண்டும். அடித்தளம் அரிப்புக்கு எட்டாத ஆழத்தில் அமையவேண்டும். இரு முனைச் சாலைகளுக்கும் கற்காப்பு வேண்டும். இவற்றை முடிவு செய்யுமுன் ஊராரைக் கேட்கவேண்டும். வெள்ளம் எந்த வீட்டின் எந்தப் படிவரை வந்தது, ஆறு எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அங்குள்ள முதியவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். பொறியாளரின் கணக்குக்கு அது மாற்றாகாது. ஆனால் கணக்கைச் சரிபார்க்க உதவும்.

அடுத்தது தற்காலிகப் பாலம். நம் நாட்டில் வெள்ளத்திற்குப் பின் இராணுவமும் பொதுப்பணி இலாகாவும் அமைக்கும் பெய்லி பாலத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். டோனல்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வடிவமைத்தது அது. பத்தடி நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டத்தை ஆறு பேர் தூக்கிவிடலாம். பாரந்தூக்கி இல்லாமலே சட்டங்களை இணைத்து, உருளைகளின் மேல் தள்ளி மறுகரைக்கு எட்டச் செய்யலாம். அருமையான அமைப்பு, அவசர நேரத்தில் உயிர் காப்பது. ஆனால், அதைத் திறந்துவைத்துப் படமெடுத்ததும் வேலை முடிந்ததென எண்ணிவிடுகிறோம். தற்காலிகப் பாலத்தின் அருகிலேயே நிலையான பாலம் எந்த மாதத்தில் முடியும் என்ற அறிவிப்புப் பலகையும் நிற்கவேண்டும். தேதி இல்லாத வாக்குறுதியைக் கேட்டு ஊர்மக்கள் களைத்துப் போய்விட்டார்கள்.

“இருபது, முப்பது குடும்பங்களுக்காக இவ்வளவு செலவா?” என்று கேட்பவர்கள் உண்டு. பொதுப்பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடவேண்டும் என்பது நியாயமே. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வலுவான பாலம் ஒன்று அருகிலேயே இருந்தால், அதற்குச் செல்லும் சாலையைச் செம்மைப்படுத்துவதுகூடச் சில இடங்களில் போதுமானதாக இருக்கலாம். ஆனால், கணக்கை முழுமையாகப் போடவேண்டும். ஒருமுறை உயர்த்திக் கட்டும் செலவோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழுந்து விழுந்து கட்டும் செலவையும், கெட்டுப்போன விளைச்சலையும், பிள்ளைகள் இழந்த பள்ளி நாள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன். அப்படியானால், பள்ளிக்கு வரும் வழியைத் திறந்து வைப்பதும் அதே அளவு கட்டாயம் அல்லவா? கடமை பெற்றோருக்கு மட்டுந்தானா?

நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாலம் துண்டிக்கப்பட்டதால் ஒரு பிள்ளை வராவிட்டால், பதிவேட்டில் வெறும் குறியோடு விட்டுவிடாமல் காரணத்தையும் எழுதிவையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்தப் பதிவுகளைத் தொகுத்து, மாவட்ட அலுவலகத்திற்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கடிதத்தோடு அனுப்பட்டும். ‘மக்கள் சிரமப்படுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதும் கடிதத்தைவிட, ‘இத்தனை மாணவர்கள், இத்தனை நாள்கள்’ என்று சொல்லும் ஒரு தாளுக்கு வலிமை அதிகம்.

அன்று நான் ‘அக்கறை குறைந்துள்ளது’ என்று எழுதினேன். அக்கறை குறைந்திருந்தது உண்மைதான். ஆனால், அது அந்த மாணவனிடம் இல்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஆசிரியை