அஞ்சு வட்டியும் ஷாக் அப்சார்பரும்

வடலூர்ல பி.காம் படிக்கிறவனுக்கு ரேஸ் கார் ஷாக் அப்சார்பர்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. இதுவும் ஒரு கணக்குதான் மக்களே :)

காரோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங். அது குதிச்சுக்கிட்டே இருக்காம அடக்குறது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதுல ஓட்டை போட்ட ஒரு பிஸ்டன், ஓட்டைகளை மூடி மெல்லிய தகடுகள். இதுதான் வால்வு. பிஸ்டன் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும்.

பில்ஸ்டீன் முறையில 275/78 என்றால், பிஸ்டன் நொடிக்கு 0.52 மீட்டர் வேகத்தில் நகரும்போது, விரிகையில் 2750 நியூட்டன், அமுங்குகையில் 780 நியூட்டன் எதிர்ப்பு. வேறு சில கம்பெனிகள் வெறும் 3, 5 என்று போடுவாங்க. ஒருத்தரோட 5 இன்னொருத்தருக்கு 5 ஆகாது.

அஞ்சு வட்டின்னு சொன்னா மாசத்துக்கா வருஷத்துக்கான்னு கேட்போமில்ல? இங்கேயும் எந்த வேகத்தில்னு கேட்கணும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பிரேக் போட்டு வளைவில் திரும்பும்போது பிஸ்டன் மெதுவா நகரும். ஓரத்துக் கட்டையில் சக்கரம் ஏறினா சட்டுனு பாயும். ஒரே நம்பர் உள்ள இரண்டு ஷாக் இந்த இரண்டு இடத்திலும் வேற வேற மாதிரி நடக்கலாம்.

பெரிய நம்பர்தான் நல்லதுங்கிறதும் தப்பு. இது மார்க் ஷீட் இல்லை. விரியும்போது எதிர்ப்பு அதிகமானா, அடுத்த மேடு வர்றதுக்குள்ள சக்கரம் கீழே இறங்காது. தரையைத் தொடாத டயருக்கு ஏது பிடிப்பு? வேகமா போற கார்ல அது உயிர் சமாச்சாரம்.

அதனால நம்பரைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீங்க. டைனோ மெஷினில் எடுத்த கிராஃபைக் கேளுங்க. தரமாட்டேன்னா, கடையை மாத்துங்க.