கள்ளக்குறிச்சியும் கள்ளக்கடலும்

கள்ளக்குறிச்சியில் எல்லாம் உண்டு. மரவள்ளி உண்டு, மக்காச்சோளம் உண்டு, கரும்பு உண்டு. 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டமாகி, சொந்தமாக ஒரு கலெக்டரும் உண்டு. கடல் மட்டும் கிடையாது. அது வேண்டுமென்றால் தியாகதுருகம், உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டி என்று குலுங்கிக் குலுங்கிக் கடலூர் போக வேண்டும். சுமார் நூறு கிலோமீட்டர் சமாச்சாரம்.

இல்லாத பொருள் மேல்தானே ஆசை வரும்? டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, கடல்ல கயாக் ஓட்டுற கிளப்புல சேரலாம்னு இருக்கேன். நல்ல போட்டு என்ன விலை வரும்?"

"நீச்சல் தெரியுமா தம்பி?"

"கிணத்துல கொஞ்சம் அடிப்பேன். அதான் போட்டு இருக்குல்ல?"

கயாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீளமாக, ஒல்லியாக ஒரு படகு. வடதுருவப் பக்கத்து இன்யூட் ஜனங்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்து வேட்டைக்குப் போன வாகனம். இப்போது ஃபைபரிலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. கடல் கயாக் சுமார் பதினாறு, பதினேழு அடி நீளம். நடுவில் ஓர் ஓட்டை. அதில் இடுப்புவரை நுழைந்துகொண்டு, தண்ணீர் உள்ளே வராமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை கட்டிக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பாவாடை என்றுதான் இங்கிலீஷிலும் சொல்கிறார்கள். கையில் இரண்டு பக்கமும் இலை வைத்த ஒரே துடுப்பு. தள்ளுவது கையால் என்று நினைத்தால் அரை மணியில் தோள்பட்டை கழன்றுவிடும். இடுப்பைத் திருப்பித் திருப்பி முதுகால் தள்ள வேண்டும். நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிற முதுகுக்கு நல்ல வேலை.

தம்பி படகு விலையைக் கேட்டார். பி.காம். படித்தவனுக்கு எதையும் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். எழுதிப் பார்த்தேன். படகு சொத்துதான். ஆனால் வாங்கிய அன்றே தேய்மானம் ஆரம்பம். அதை வைக்க இடம் வேண்டும், கொண்டுபோக வண்டி வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் போட்டால் அம்மா அதில் வடகம் காயப்போடுவார். கிளப்பில் சேர்ந்தால் படகு அவர்களுடையது. சந்தா மட்டும் நம்முடையது. ஆனால் லாபம் அதில் இல்லை. பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு அயிட்டம் வரும், கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, கடையை விற்கும்போது அதுக்குத்தான் கிராக்கி. கிளப்பின் குட்வில், கரையில் நின்று 'போனது எட்டுப் பேர், வந்தது ஏழு, ஒருத்தன் எங்கே?' என்று தலை எண்ணுகிற ஆள்.

நல்ல கிளப்பில் முதலில் சொல்லித் தருகிற வித்தைகளில் ஒன்று என்ன தெரியுமா? கவிழ்வது! வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள். தலை கீழே, கால் மேலே. பதறாமல் பாவாடையின் முன்னால் இருக்கிற நாடாவை இழுத்து வெளியே வர வேண்டும். வந்ததும் படகை விட்டுவிடக்கூடாது. கூட வந்தவர் தன் படகைக் குறுக்கே நிறுத்தி, உங்கள் படகின் மூக்கைத் தூக்கித் தன் படகுமேல் வைத்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். நீங்கள் ஏறிக்கொள்ளலாம். பழகியவர்களுக்குச் சில நிமிட வேலை. தனி ஆளுக்கும் முறை இருக்கிறது. ஆனால் அலையில், களைப்பில், பயத்தில் அதைச் செய்து பார்த்தால்தான் கூட்டாளியின் அருமை தெரியும்.

"தனியாப் போனவங்களே இல்லையா?" என்பீர்கள். இருக்கிறார்கள். ஆஸ்கர் ஸ்பெக் என்று ஒரு ஜெர்மன்காரர். 1932-ல் வேலையில்லாமல், சைப்ரஸ் சுரங்கத்தில் வேலை தேடி, மடக்குக் கயாக்கில் டான்யூப் நதியில் இறங்கினார். ருசி கண்டுவிட்டது. நம்ம இந்தியக் கரை, இலங்கை எல்லாம் தாண்டி, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் எல்லைத் தீவில் கரையேறினார். ஏழு வருஷம், சுமார் 50,000 கிலோமீட்டர். மாலை போட்டார்களா? அதற்குள் உலகப் போர் வந்துவிட்டதால், எதிரி நாட்டுக்காரன் என்று பிடித்து, போர் முடியும்வரை காவலில் வைத்துவிட்டார்கள். இதில் விசேஷம், அவருக்கு நீச்சலே தெரியாதாம்! தம்பி, இதைப் படித்துவிட்டு நீங்களும் கிளம்பாதீர்கள். பிழைத்தவர் கதைதான் புத்தகத்தில் வரும்.

கடலோரப் பையனுக்கு வீட்டிலேயே கிளப் இருக்கிறது. அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் காற்றைப் பார்த்து 'இன்னிக்கு வேணாம்டா' என்று சொல்வார்கள். 'கேட்டமரான்' என்று உலகம் முழுக்கச் சொல்கிற வார்த்தையே அவர்கள் கட்டுமரம்தான். நம் வீட்டுப் பெரியவருக்கு மழை மேகம் தெரியும், ஏரி தெரியும். கடல் தெரியாது. காலையில் பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். முதுகில் தள்ளும். 'ஆஹா, என்ன ஸ்பீடு!' என்று மீசையை முறுக்கிக்கொண்டு போவீர்கள். திரும்பும்போதுதான் அதே காற்று முகத்தில் வந்து கணக்குக் கேட்கும்.

இன்னொரு ஆசாமி இருக்கிறார். நம்ம ஊர்ப் பெயருக்குச் சொந்தக்காரர் மாதிரி, 'கள்ளக்கடல்'. கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. தெற்கே, வெகு தூரத்தில் இந்துமகா சமுத்திரத்தில் அடித்த புயலின் அலை, நாள் கணக்கில் நடந்து வந்து நம் கரையில் ஏறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது. திருடன் மாதிரி சத்தமில்லாமல் வரும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கும் ஐந்து பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கள்ளக்கடல் பற்றி எச்சரிக்கை வந்திருந்த நேரம். ஹைதராபாத்திலிருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம்தான் அந்த எச்சரிக்கையைத் தருகிறது. வெளியூர் ஆளுக்கு அதைப் பார்த்து, 'இன்னிக்கு வேணாம்டா' என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். சந்தா கட்டுவது அந்த ஒருத்தருக்காக.

எனவே தம்பி, சேருங்கள். சேருமுன் நாலு கேள்வி கேளுங்கள். உயிர்காப்புச் சட்டை கட்டாயமா? கவிழப் பழக்குவீர்களா? கரையில் தலை எண்ணுவது யார்? கடல் சரியில்லை என்றால் பயணத்தை ரத்து செய்வீர்களா? நாலில் ஒன்றுக்கு 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்று பதில் வந்தால், அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பலாம்.

அதுவரை உள்ளூரில் பாடம் இருக்கிறது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட தாத்தா போட்ட அஸ்திவாரத்தை, ஒழுங்கான பயிற்சியாளரிடம் போய் முழு நீச்சலாக ஆக்கிக்கொள்ளுங்கள். கோமுகி அணையில் திருட்டுத்தனமாகக் குதிப்பது பயிற்சியில் சேராது. கரியாலூர்ப் படகுத்துறையில் ஒரு ரவுண்டு சுற்றியதும் சேராது.

கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியில் இறங்கி, கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர்கூடத் தனியாகப் போவதில்லை. வழியில் மணிமுக்தாவைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளாற்றோடு கூட்டணி வைத்துக்கொண்டுதான் போகிறது!