எங்கள் வீதிக்கு வராத போட்டி

இரவு பதினொன்றே முக்காலுக்கு என் போனில் அலாரம் அடிக்கும். ஆரம்பத்தில் உம்மம்மா பதறி எழும்பி, "என்ன மகள், சஹருக்கு நேரமாகிட்டா?" என்று கேட்பார். இப்போது அவருக்கும் பழகிவிட்டது. நள்ளிரவு தாண்டினால்தான் எங்கள் வீட்டு இணையப் பெக்கேஜில் இரவு டேட்டா திறக்கும். பகல் டேட்டா ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதிக்குள் முடிந்துவிடும். அதன் பின்னர் உயிரியல் வகுப்புக் காணொளிகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் நள்ளிரவில் இறக்கி வைத்து, சுபஹுக்குப் பின் பார்ப்பேன். உயர்தரத்தில் என்னோடு படிக்கும் தோழிகள் பலருக்கும் இதுதான் நேரசூசி. காலைக் கூட்டத்தில் நாங்கள் கொட்டாவி விடுவதை ஆசிரியைகள் தப்பாக விளங்கிக்கொள்ள வேண்டாம்.

டேட்டா முடிந்தால் நானாவுக்கு ஒரு வழி இருக்கிறது. சந்தியிலுள்ள நண்பனின் கடைக்குப் போய், அங்குள்ள வைபையில் வேலையை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு வீடு வருவார். மஃரிபுக்குப் பின் நான் எங்கே போவது? போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் வீட்டு இணையத்தின் விலை ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளின் படிப்பில்தான் கூடுதலாகத் தைக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பில்லைக் கையில் எடுத்து, "இந்த மாதம் வெட்டிவிடுவோம்" என்று சொல்லும்போது வெட்டப்படுவது யாருடைய வகுப்பு என்றும் பாருங்கள்.

வாப்பாவுக்குச் சிறிய தையல் கடை. பெருநாள் மாதம் தவிர மற்ற மாதங்களில் இணைய பில்லும் மின்சார பில்லும் ஒன்றாக வந்தால் அவர் முகம் மாறிவிடும். "வேறு கம்பனிக்கு மாறினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டார். நானும் நானாவும் ஒரு வாரம் விசாரித்தோம். பைபர் இணைப்பு பிரதான வீதியோடு நின்றுவிட்டது. நாங்கள் இருப்பது வயல் பக்கம். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. இன்னொரு கம்பனியின் ரவுட்டரை இரவல் வாங்கிப் பார்த்தோம். மொட்டைமாடியில் வேலை செய்தது, அறைக்குள் செத்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்றார் மாமா. அதன் உபகரணத்துக்கு மட்டுமே ஒரு இலட்சத்துக்கு மேல் என்றதும் வாப்பா சிரித்தார். ஆக, கடையில் நான்கு கம்பனிகளின் பெயர்ப்பலகை தொங்கினாலும் எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. பெயர் இங்கே தேவையில்லை. அந்த இடத்தில் எந்தக் கம்பனி இருந்தாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

போட்டி இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2009இல் எயார்டெல் இங்கே சேவையைத் தொடங்கியபோது கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் ஐந்தாகின. அழைப்புக் கட்டணத்தை ஒருவரை ஒருவர் முந்திக் குறைத்தார்கள். விலைப்போர் முற்றி, 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அடிமட்டக் கட்டணம் விதிக்க வேண்டியதாயிற்று. இன்று கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. பின்னர் 2018இல் எடிசலாட்டின் இலங்கைச் சேவை ஹட்ச்சுடன் சேர்ந்தது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் சேர்ந்தது. ஐந்து மூன்றாகிவிட்டது.

வீட்டு இணைப்பில் நிலைமை அதற்கும் முன்பே அப்படித்தான். 1996இல் ஸ்ரீ லங்கா டெலிகொம்முக்கு வெளியே சன்டெல், லங்கா பெல் என்று இரண்டு கம்பனிகளுக்கு நிலையான தொலைபேசிச் சேவைக்கு இடம் கொடுத்தார்கள். அவை வீடுவீடாகக் கம்பி இழுக்கவில்லை. அன்டெனா வழியாகவே சேவை தந்தன. சன்டெல்லை 2012இல் டயலொக் வாங்கிக்கொண்டது. 

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ரவுட்டரும் கோபுர உபகரணமும் டொலரில் வாங்கும் சாமான்கள். மின்வெட்டில் கோபுரங்களை டீசலில் ஓட்டினார்கள். அந்த வருடம் செப்டம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 வீதத்தால் உயர்ந்ததை விளங்கிக்கொள்ளலாம். 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அது கம்பனியின் குற்றமும் அல்ல. ஆனால் டொலர் 300 ரூபாவுக்கு இறங்கிய பின்னும் எங்கள் பில் இறங்கவில்லையே! இறக்காவிட்டால் நாங்கள் போய்விடுவோம் என்ற பயம் இருந்தால்தானே இறக்குவார்கள்?

வாப்பாவுக்கு இதை நான் பஸ்ஸை வைத்து விளக்கினேன். அக்கரைப்பற்று–கல்முனை வீதியில் இ.போ.ச. பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் பஸ்ஸும் ஓடுகிறது. ஒன்று பிந்தினால் மற்றதில் ஏறுகிறோம். காரணம், வீதி எந்த பஸ்காரருக்கும் சொந்தமில்லை. இணையத்தில் வீதியும் பஸ்காரருடையது. கம்பமும் கம்பியும் வைத்திருப்பவரே சேவையையும் விற்கிறார். இன்னொருவர் வர வேண்டுமென்றால் பக்கத்தில் புதிதாக ஒரு வீதி போட வேண்டும். இருபத்தாறு வீட்டுக்காக யார் போடுவார்?

சிங்கப்பூரில் வீடுகளுக்குப் போகும் பைபர் ஒரு தனி நிறுவனத்தின் பொறுப்பு. சேவை விற்கும் கம்பனிகள் பல, அதே கம்பியை வாடகைக்கு எடுத்துத் தமக்குள் போட்டியிடுகின்றன. நாம் சிங்கப்பூர் இல்லை என்று சொல்வது இலேசு. ஆனால் ஒரு கம்பத்தில் இரண்டு கம்பனிகளின் கம்பியைக் கட்ட சிங்கப்பூராக வேண்டியதில்லை. நம் தொலைத்தொடர்புகள் சட்டம் 1991இல் வந்தது, 2024இல் திருத்தப்பட்டிருக்கிறது. இருக்கும் கம்பங்களை நியாயமான வாடகைக்குப் பிறருக்கும் விடச் சொல்லி ஆணைக்குழு கட்டாயப்படுத்தினால், அதுவே எங்கள் வீதிக்குப் பெரிய காரியம். எந்த வீதியில் எத்தனை கம்பனிகள் உண்மையில் இணைப்புத் தர முடியும் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும். நாடு முழுவதற்கும் சேர்த்து எண்ணினால் போட்டி இருப்பதாகத்தான் தெரியும்.

2021இல், பாடசாலைகள் பூட்டியிருந்த காலத்தில், பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் உட்கார்ந்து பாடம் இறக்கிய செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது. அவர்களோடு பார்த்தால் என் அலாரம் ஒரு கஷ்டமே இல்லை. ஆனாலும் பாறையில் ஏறினால்தான் முறையிடலாம் என்று சட்டம் இல்லை.

சென்ற மாதம் வாப்பாவுடன் அலுவலகத்துக்குப் போனேன். "வீதியில் போதிய ஆட்கள் கையெழுத்து வைத்துக் கேட்டால் பைபர் இழுப்பதைப் பற்றி மேலே எழுதலாம்" என்றார் அங்கிருந்தவர். எத்தனை பேர் போதும் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அன்று பின்னேரமே கொப்பித்தாள் ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்தேன். உம்மா அதை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகிறார். இதை எழுதும்வரை பதினொரு வீட்டார் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வயல் பக்கத்துப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், தாள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.