கவர்னரைக் கழற்றலாமா?



'கவர்னர்' என்றதும் கிண்டியில் இருக்கும் மாளிகை ஞாபகத்துக்கு வந்தால் நீங்கள் முதலாண்டு மாணவர். வாட், போர்ட்டர், புரோயல், ஹார்ட்னல் என்று நான்கு பெயர்கள் வரிசையாக வந்து பயமுறுத்தினால், 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பரீட்சையைப் பார்த்தவர். இரண்டு குண்டு, நாலு கம்பி, ஒரு ஸ்லீவ். படத்தைப் போட்டு, ஃபார்முலாவை எழுதி, மார்க்கை வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம். மறக்கக் கூடாத பாடம் அது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

புதுக் கார் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் "குரூஸ் கன்ட்ரோல் இருக்குதா?" என்று கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பட்டனை அழுத்திவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். ஏற்றம் வந்தாலும் இறக்கம் வந்தாலும் வண்டி ஏறக்குறைய 80-லேயே போகும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு சென்சார் உண்மையான வேகத்தை அளக்கிறது. நாம் கேட்ட வேகத்தோடு அதை இ.சி.யு. ஒப்பிடுகிறது. 80 கேட்டோம், 77-தான் வருகிறது என்றால் வித்தியாசம் 3. அதற்குத் தகுந்தபடி ஒரு சின்ன மோட்டார் திராட்டிலைத் திறக்கிறது. வேகம் கூடிவிட்டால் மூடுகிறது. பிரேக்கைத் தொட்டதும் விலகிக்கொள்கிறது.

வித்தியாசத்தை மட்டும் பார்த்துத் திறந்தால் ஒரு சிக்கல் உண்டு. ஏற்றத்தில் வண்டி 80-க்குப் பதில் 78-லேயே நின்றுவிடும். ஏனென்றால், வித்தியாசம் முழுவதும் போய்விட்டால் கூடுதலாகத் திறக்கக் காரணமே இருக்காது. அதனால் அந்த வித்தியாசம் எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே வந்து, மீதி 2-ஐயும் சரிசெய்கிறது. ரொம்ப அவசரப்பட்டுத் திறந்தாலோ வேகம் 80-ஐத் தாண்டும், உடனே மூடும், குறையும், மறுபடியும் திறக்கும். இதைத்தானே நாம் 'ஹன்டிங்' என்று படித்தோம்? ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்கு மாட்டிய இரண்டு குண்டுகளும் செய்தது இந்த வேலையைத்தான். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், ஸ்லீவ் ஏறும், நீராவி குறையும். குண்டுக்குப் பதிலாகச் சென்சார் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காருக்கு இதைக் கொண்டுவந்தவர் கதை சுவையானது. அமெரிக்க எஞ்சினியர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் விபத்தில் பார்வை இழந்தவர்.  பேசிக்கொண்டே வண்டியை விரட்டுவதும் தளர்த்துவதுமாக ஓட்டிய நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி வெறுத்துப்போய்த்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். 1950-ல் அவருக்குப் பேட்டன்ட் கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

சரி, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் குரூஸ் கன்ட்ரோல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மாட்டு வண்டியும் மீன்பாடி வண்டியும் மாநகரப் பேருந்தும் போகிற நெரிசலில் அந்தப் பட்டனை அழுத்த ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் அதன் அண்ணன் தம்பிகள் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லோடு ஏறி வேகம் தளரும்போது நீராவி வால்வைத் திறந்துவிடுவது கவர்னர். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் பழைய லாரிகளில், டீசல் பம்ப்பின் பின்புறம் உட்கார்ந்திருந்ததும் கவர்னர்தான்.

இன்னொரு தம்பி இருக்கிறான். அவனைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவும் சொன்னேன். அவன் பெயர் ஸ்பீடு கவர்னர், அதாவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. குரூஸ் கன்ட்ரோல் வேகத்தைக் குறையவும் விடாது, கூடவும் விடாது. ஸ்பீடு கவர்னர் மேல் எல்லையை மட்டும் பார்க்கும். அதற்குக் கீழே எல்லாம் டிரைவரின் கால்தான். மத்திய மோட்டார் வாகன விதி 118-ல் 2015-ல் கொண்டுவந்த திருத்தப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தயாராகும் போக்குவரத்து வாகனங்களுக்கு, சில விலக்குகள் தவிர, உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு 60. மணலியில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு கிளம்பும் டேங்கரும், நம் தெருப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஸ்கூல் பஸ்ஸும் இந்த இரண்டாவது கணக்கில் வருகின்றன.

சட்டம் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. அப்புறம் என்ன? பயிற்சிக்குப் போன ஒரு பணிமனையில் என் காதால் கேட்டது இது: "தம்பி, அந்தக் கவர்னர் ஒயர மட்டும் கழட்டி வுட்ரு. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மேல பார்த்துக் குடுக்குறேன்." கேட்டவர் கெட்டவர் இல்லை. லோடைச் சீக்கிரம் இறக்கினால்தான் அடுத்த டிரிப், அடுத்த டிரிப் கிடைத்தால்தான் பேட்டா. எஃப்.சி.க்குப் போகும்போது ஒயரை மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

நாம் டிப்ளமோ படித்தவர்கள். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 120 கிலோமீட்டர் தூரத்தை 80-ல் போனால் ஒன்றரை மணி நேரம். 100-ல் போனால் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். அதுவும் வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல் போனால்! மிச்சம் 18 நிமிடம். இதற்குக் கொடுக்கும் விலை என்ன? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80 நூறானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் 1.56 மடங்கு. 40 டன் டிரெயிலருக்கு இது விளையாட்டா? 18 நிமிடம் டீக்கடையில் போகிற நேரம். அதற்காகப் பாதிக்கு மேல் கூடுதல் ஆற்றலைச் சுமந்துகொண்டு ஓட வேண்டுமா?

டிரைவரை மட்டும் குறை சொல்லி முடிப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்ற காட்சி நம் பகுதிக்குப் புதிதல்ல. கேட்டில் ஆறு மணி நேரம் நின்றவர் அதை நெடுஞ்சாலையில் பிடித்துவிடப் பார்க்கிறார். 18 நிமிடம் 18 நிமிடமாக ஆறு மணி நேரத்தை எப்போது பிடிப்பது? நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று வந்தால், ஓடும் நேரத்தில் விரட்ட வேண்டிய அவசியம் இருக்காது. கருவியை மாட்டச் சொல்கிற சட்டம் வேண்டும்தான். கூடவே, காத்திருப்புக்குக் காசு தருகிற முறையும் வேண்டும். வயிறு விரட்டும்போது ஒயர் நிற்காது.

இயந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கவர்னருக்கு எண் தெரியும், சாலை தெரியாது. 60 என்று வைத்தால் காசிமேட்டில் குழந்தை குறுக்கே ஓடினாலும் அதற்கு 60 சரிதான். மழை ஈரத்தில் குரூஸ் கன்ட்ரோல் போடாதே என்று கார் கையேடுகளே எச்சரிக்கின்றன. எல்லையைக் கருவி பார்க்கட்டும், தெருவை மனிதன் பார்க்கட்டும் என்பதுதான் சரியான பங்கீடு.

நண்பர்களே, ஓனர் கழற்றச் சொல்வார், டிரைவர் கெஞ்சுவார். ஆனால் ஸ்பேனரைப் பிடிக்கப் போகும் கை நம்முடையது. இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் பணிமனையிலோ சர்வீஸ் சென்டரிலோ நிற்போம். அன்றைக்கு "முடியாதுண்ணே, வண்டி இழுக்கலேன்னா ஃபில்டரைப் பார்க்கிறேன், டர்போவைப் பார்க்கிறேன், கவர்னரைத் தொட மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் தைரியம் காரணம் தெரிந்தவனுக்குத்தான் வரும். ஆகவே நம் லேபில் தூசி படிந்து நிற்கும் ஹார்ட்னல் கவர்னருக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஸ்பீடு கவர்னரையும் வைத்துப் பிரித்துக் காட்டும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வோம். மாணவர் மன்றமும் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். பதறுகிற காலைப் பிடித்து நிறுத்துவதற்காக வந்த கருவி அது. அதைக் கழற்றும் கை நம் கல்லூரிக் கையாக இருக்க வேண்டாம்!

— இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை