கொள்ளைநோய்க்கு வழக்கு மருந்தாகுமா?

2020 நவம்பர் 6, ஜும்ஆ நாள். பாரதிய ஜனதாக் கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் எல். முருகன் தமது 'வெற்றிவேல் யாத்திரை'யைத் திருத்தணியிலிருந்து தொடங்கப் போவதாக அறிவித்திருந்தார். டிசம்பர் 6 அன்று திருச்செந்தூரில் முடிப்பதாகத் திட்டம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளில் முடிவடையும் யாத்திரையை அனுமதிக்கலாமா என்ற கேள்வி உயர்நீதிமன்றம் வரை சென்றது. கொரோனா மீண்டும் பரவக்கூடும் என்று காரணம் கூறி மாநில அரசு அனுமதி மறுத்தது. மலைமேல் வழிபட்டுவிட்டுத் தடையை மீறிப் புறப்பட்டவரையும் உடன் வந்தோரையும் காவல்துறை கைது செய்து, மாலையில் விடுவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் ஒன்றிய இணையமைச்சரானார்.

அந்தச் செய்தி நம் வீடுகளில் ஒரே ஒரு விதமாகத்தான் பேசப்பட்டது. "அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது, நம்மவர்களுக்கு மாதக்கணக்கில் சிறையா?" இந்த ஆதங்கம் பொய்யானதன்று. ஆயினும் இதற்குள் ஒரு தவறான ஆசை ஒளிந்திருக்கிறது. அவர்களையும் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தால் நீதி நிறைவேறியிருக்கும் என்பதே அந்த ஆசை. அதை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாவது வசனம் நம்மைத்தான் எச்சரிக்கிறது. நோய்ப்பரவலைக் காவல் நிலையத்தின் வழியாக ஆளும் பழக்கமே பிழை. யார் மீது பாய்ந்தாலும் பிழைதான்.

முதலில் நம் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுவோம். 2020 பிப்ரவரி இறுதியில் மலேசியாவின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் தப்லீக் இஜ்திமா நடந்தது. மார்ச் நடுவில் அதுவே அந்நாட்டின் மிகப் பெரிய தொற்று வட்டமாகிவிட்டதை உலகமே படித்துக்கொண்டிருந்தது. அதே நாட்களில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் ஒன்றுகூடியது நல்ல முடிவன்று. 'அல்லாஹ்வின் இல்லத்தில் இருப்பவருக்கு எதுவும் நேராது' என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். இன்னொரு புறம், மார்ச் 13 அன்று இது சுகாதார அவசரநிலை அல்ல என்று ஒன்றிய சுகாதார அமைச்சகமே கூறியதையும், 24ஆம் தேதி இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் நாடே பூட்டப்பட்டதையும் மறக்க வேண்டியதில்லை. மர்கஸில் இருந்தவர்களுக்கு ஊர் திரும்ப ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை.

அதன்பின் எண்கள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து சுமார் 1,500 பேர் டெல்லி சென்றதாக மார்ச் 31 அன்று மாநிலச் சுகாதாரத்துறை அறிவித்தது. ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் 'டெல்லி மாநாடு' என்று தனிக் கணக்கு வாசிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அது 'ஒரே தொற்று மூலம்' என்று பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை. ஏப்ரல் 18 அன்று ஒன்றிய அரசு, நாட்டின் 14,378 நோயாளிகளில் 4,291 பேர், அதாவது 29.8 சதவீதத்தினர், இந்த ஒரு நிகழ்வோடு தொடர்புடையவர்கள் என்றது. தமிழ்நாட்டில் 84 சதவீதம் என்றது.

அந்த 84 சதவீதம் பொய்யன்று. ஆனால் அது பாதிக் கணக்கு. ஒரு தெருவில் நூறு பேருக்குச் சோதனை செய்து இருபது பேருக்குத் தொற்று கண்டறிகிறோம். அடுத்த தெருவில் ஐந்து பேருக்கு மட்டுமே சோதித்து இருவருக்குக் கண்டறிகிறோம். மொத்த நோயாளிகள் 22 பேர். அவர்களில் 20 பேர், அதாவது 91 சதவீதத்தினர், முதல் தெருவினர். நாளிதழில் வரக்கூடிய தலைப்பு அதுதான். ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் முதல் தெருவில் ஐந்தில் ஒருவருக்கும், இரண்டாம் தெருவில் ஐந்தில் இருவருக்கும் தொற்று இருக்கிறது. அபாயம் எங்கே அதிகம் என்பதற்கு, இன்னும் சோதிக்கப்படாத இரண்டாம் தெருவாசிகளைத் தேடிச் சென்றால்தான் விடை கிடைக்கும். சோதனைக் கருவி பற்றாக்குறையாக இருந்த அந்த ஏப்ரலில், டெல்லி சென்று வந்தவர்களையும் அவர்களைச் சார்ந்தோரையும் தேடிச் சோதித்தது சரியான மருத்துவப் பணி. அதை நாம் குறை கூறவில்லை. எத்தனை பேருக்குச் சோதித்தோம் என்ற எண்ணைப் பிரித்துக் காட்டாமல் விகிதத்தை மட்டும் வாசித்ததுதான் குற்றம். நோயாளிகளை மத, இன அடிப்படையில் வகைப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மைக் ரயான் ஏப்ரல் 6 அன்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பாதிக் கணக்கு நமது அன்றாட வாழ்வில் என்ன செய்தது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொப்பி அணிந்த முதியவர் காய்கறிக் கடையில் நின்றால், "பாய், டெல்லிக்குப் போனீர்களா?" என்ற கேள்வி. ஊரைவிட்டு வெளியே போகாத மனிதரிடம்.

அடுத்தது வழக்குகள். சுற்றுலா விசாவில் வந்து மதப் பிரச்சாரம் செய்தார்கள், நோயைப் பரப்பினார்கள் என்று வெளிநாட்டினர் மீது மாநிலந்தோறும் முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. தமிழ்நாட்டில் சிக்கிய 31 பேர் மீதான வழக்கை 2020 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் முடித்து வைத்தார். அவர்கள் போதுமான அளவு துன்பப்பட்டுவிட்டார்கள் என்று கருதினார். ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, பேரிடர் காலத்தில் அரசு பலியாடுகளைத் தேடுகிறது என்றே எழுதியது. டெல்லியில் வழக்கில் சிக்கிய வெளிநாட்டினரில் பெரும்பாலோர், வீடு போய்ச் சேர்ந்தால் போதுமென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிப் போனார்கள். வழக்கை எதிர்கொள்வதென்று நின்றவர்கள் 44 பேர். எட்டுப் பேர் தொடக்கத்திலேயே விடுவிக்கப்பட, மற்ற 36 பேரையும் 2020 டிசம்பர் 15 அன்று நீதிமன்றம் குற்றமற்றவர்கள் என்றது. அவர்கள் மர்கஸில் இருந்தார்கள் என்பதைக்கூட அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை.

இந்தியர்களுக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. வெளிநாட்டினருக்குத் தங்க இடம் தந்தார்கள் என்பதற்காகக் குற்றப்பத்திரிகையில் ஏறிய 70 பேருக்கு, 2025 ஜூலை 17 அன்றுதான் டெல்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி நீனா பன்சல் கிருஷ்ணா 16 குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்து விடுதலை அளித்தார். அவர்களுக்குத் தொற்று இருந்ததற்கோ, அவர்கள் அதைப் பரப்பியதற்கோ ஆதாரமில்லை. ஊரடங்கில் வெளியேற வழியின்றி ஓரிடத்தில் தங்கியிருந்தவர்கள் எந்த உத்தரவை மீறினார்கள்? ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாளில் விடை கிடைத்திருக்கும் ஒரு கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்ல ஐந்தாண்டுகள் ஆயின. அன்று முழுப்பக்கம் எழுதிய ஏடுகளில் இந்தத் தீர்ப்பு எத்தனை அங்குலம் பெற்றது என்று நீங்களே எடுத்துப் பாருங்கள்.

ஏப்ரல் முடிந்து மே பிறந்ததும் கோயம்பேடு வந்தது. சந்தையிலிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, நமது திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. காய்கறி ஏற்றி இறக்கிய தொழிலாளிகள் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் மாலைதோறும் வாசிக்கவில்லை. வாசிக்காதது மிகச் சரி. சந்தையை இடம் மாற்றினார்கள், சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள், ஆர்டி-பிசிஆர் சோதனையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அறிவியல் ஆட்சி செய்தால் அது இப்படித்தான் இருக்கும். அதே தமிழ்நாட்டில், அதே ஏப்ரல் இறுதியில், வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆந்திர எல்லைச் சாலைகளின் குறுக்கே சுவர் எழுப்பியதையும் கண்டோம். கிருமியைத் தடுக்கக் கட்டிய சுவரைச் சில நாட்களில் இடித்தார்கள். நகரி பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லையோரத்து மக்களுக்கு அது சிரிப்பையும் தந்தது, கண்ணீரையும் தந்தது.

ஊரடங்கு மீறல் வழக்குகளின் கதை இன்னும் விந்தையானது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் வழக்குகள். 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தல் வாசலில் நிற்கையில், காவலர்களைத் தாக்கியது, போலி இ-பாஸ் போன்றவை தவிர மற்றவை கைவிடப்படும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். தேர்தலுக்கு முன் கைவிடக்கூடிய வழக்குகள் பொதுச் சுகாதாரத்துக்கு எவ்வளவு இன்றியமையாதவையாக இருந்திருக்கும்? பின் ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது, பிரச்சாரக் கூட்டங்களைத் தடுக்காத தேர்தல் அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்று சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி வாய்மொழியாகக் கூறினார். நாமும் அன்று அதைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். அந்தச் சொற்கள் பொருத்தமற்றவை என்று உச்சநீதிமன்றம் மே 6 அன்று கூறியதே சரி. கோபம் நியாயமானது, ஆனால் மீண்டும் அதே மருந்து, அதே குற்றவியல் சட்டம்.

நமக்கு வேறொரு முன்மாதிரி உண்டு. ஷாம் நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் சர்கு என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தியைக் கேட்டார்கள். முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து பிளந்தது. அன்சாரிகளைக் கேட்டார்கள், அங்கும் பிளந்தது. குறைஷிகளின் முதியவர்களைக் கேட்டபின் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாகப் பதிலளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், உள்ளே இருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியுடன் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதன் பிறகே வந்து சேர்ந்தார்கள். ஆட்சியாளர் அறிந்தோரைக் கலந்தார், மாற்றுக் கருத்தைப் பொறுத்தார், எவரையும் குற்றவாளியாக்காமல் முடிவெடுத்தார்.

அறிவியல் நமக்குச் சாதகமாகப் பேசும்போது மட்டும் அதை ஏற்பதும் கூடாது. குணமடைந்த தப்லீக் சகோதரர்கள் பிளாஸ்மா தானம் செய்தபோது, அதை நம் மீதான பழி துடைக்கப்பட்டதாகவே கொண்டாடினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஆய்ந்து, பிளாஸ்மா மரணத்தைக் குறைக்கவில்லை என்றது. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்தே அது நீக்கப்பட்டது. கொடுத்தவர்களின் எண்ணத்துக்கு அல்லாஹ் கூலி தருவான். முடிவு நமக்கு இனிக்கவில்லை என்பதற்காக அதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் ஊர் இது. பெருங்கூட்டமும் தொற்றும் இவ்வூருக்குப் புதியவை அல்ல. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. பம்பாய் பிளேக்கின் அச்சத்தில் 1897இல் பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத் தூசி தட்டியவர்கள், நம் மாகாணத்துச் சட்டத்தையும் அதே ஆர்வத்தோடு படித்திருக்கலாம். சட்டப் பிரிவுகளின் எண்கள்தான் இப்போது மாறியிருக்கின்றன. இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, 269, 270 இன்று நியாய சன்ஹிதாவில் 223, 271, 272 ஆகி, அடுத்த நோய்க்காகக் காத்திருக்கின்றன. தொற்று இருந்தது என்பதற்கும், பரவும் வாய்ப்பு இருந்தது என்பதற்கும் சுகாதார அலுவலரின் எழுத்துபூர்வ அறிக்கை இல்லாமல் 271, 272இன் கீழ் வழக்குப் பதியக் கூடாது என்று அரசு விதி வகுக்க வேண்டும். மதவாரியாக நோயாளிக் கணக்கு வெளியிடுவதை எழுத்தால் தடை செய்ய வேண்டும். அந்த விதி வேல் ஏந்துவோருக்கும் பொருந்தட்டும், தஸ்பீஹ் ஏந்துவோருக்கும் பொருந்தட்டும்.

இறுதியாகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020, 2021 ஆண்டுகளில் உங்கள் பிள்ளைகள் மீது ஊரடங்கு வழக்கு ஏதும் பதிவாகியிருந்தால், முதல்வர் அறிவித்துவிட்டார் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் விசாரித்து, வழக்கு முடிக்கப்பட்டதற்கான ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு வரும் போலீஸ் விசாரணையின்போது அந்தத் தாள்தான் பேசும்.