கனவுக்கு முன்னால் ஒரு கடன்

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகப் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங் பேசினார். நிறம் பார்க்காத நாடு ஒன்றைக் கனவு கண்ட அந்தப் பேச்சுதான் அமெரிக்காவின் மனத்தை மாற்றி, நிறப்பாகுபாட்டுச் சட்டங்களை வீழ்த்தியது என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அந்தப் பேச்சின்மேல் எனக்குத் தீராத மதிப்பு உண்டு. அதனாலேயே இந்தக் கதையை ஏற்க முடியவில்லை.

முதலாவது, அது அந்தக் கணத்தில் பிறந்த அருள்வாக்கு என்பது. எழுதிக் கொண்டுவந்த பிரதியில் கனவுப் பகுதி இல்லை என்பது மெய்தான். ஆனால் 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுன்ட்டிலும், 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் அவர் அந்தக் கனவைச் சொல்லியிருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லித் தீட்டிய சொற்கள் அவை. அவற்றைக் கேட்க ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் தானாகத் திரண்டுவிடவும் இல்லை. பேருந்து, குடிநீர், கழிப்பறை வரை கணக்குப் போட்டுப் பேரணியைக் கட்டியவர் பேயார்ட் ரஸ்டின்.

இரண்டாவது, பேச்சே சட்டத்தைக் கொண்டுவந்தது என்பது. குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக ஜான் கென்னடி அறிவித்தது ஜூன் 11. பேச்சுக்குப் பதினொரு வாரம் முன்பு. அவரை அசைத்தவற்றுள் முதன்மையானது, மே மாதம் பர்மிங்ஹாம் தெருக்களில் போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சையும் எதிர்கொண்ட பள்ளிப் பிள்ளைகளின் போராட்டம். பேச்சு முடிந்த பதினெட்டாம் நாள் அதே ஊரில் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மனம் மாறிய நாட்டின் அடையாளமா அது? செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் 60 வேலை நாட்கள் பேசிப் பேசியே மசோதாவை மறித்தார்கள். 1964 ஜூன் 10 அன்று 71-29 என்ற வாக்கில்தான் அந்த மறிப்பு உடைந்தது. ஜூலை 2 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார்.

மூன்றாவது வாதமே மிக ஆபத்தானது: கிங் நிறம் பார்க்காத சமூகத்தைக் கேட்டார், ஆகவே சிறப்புச் சலுகைகளை அவர் ஏற்கமாட்டார் என்பது. கனவுக்கு முன்னால் அவர் பேசியது கடனைப் பற்றி. குடியரசின் நிறுவனர்கள் எழுதிக்கொடுத்த புரோநோட்டு கறுப்பின மக்களுக்கு மட்டும் பணமில்லாக் காசோலையாகத் திரும்பிவந்ததை எடுத்துச் சொன்னார். போலீஸ் கொடுமையைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். அந்தப் பேரணியின் பெயரிலேயே விடுதலைக்கு முன்னால் வேலை இருந்தது. மணிக்கு 2 டாலருக்குக் குறைந்த கூலி வாழப் போதாது என்றது அதன் கோரிக்கைப் பட்டியல். மறு ஆண்டு வெளிவந்த ‘நாம் ஏன் காத்திருக்க முடியாது’ என்ற பொருள்படும் நூலில், தீண்டாமைக்கு ஆளானோருக்குக் கல்வியில் முன்னுரிமை தரும் இந்திய ஏற்பாட்டை, நேருவுடன் நடந்த உரையாடலைச் சொல்லி, முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார். இதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும்?

1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கவே அங்கே போயிருந்தார். லிங்கன் சிலைமுன் நினைவூட்டிய கடனைத்தான் மெம்பிஸிலும் கேட்டுக்கொண்டிருந்தார். கனவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கடனை மறப்பது, அவர் பேச்சைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம்.