லயத்துப் பல்லியும் கண்ணாடிப் பெட்டியும்

பதுளை, பசறை, ஹாலி-எல பக்கத்து லயங்களில் இரவு பல்பைப் போட்ட சற்று நேரத்தில், கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்திலிருந்து பல்லி இறங்கி வரும். இலங்கை வீடுகளில் குடியிருக்கும் பல்லி இனங்கள் பல. அவற்றில் அதிகம் காணப்படுவது 1836 இல் விவரிக்கப்பட்ட ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ். கப்பல் சரக்கோடு பயணம் செய்து வெப்ப நாடுகள் பலவற்றில் சுவரேறிவிட்ட இனம் இது. விரலடித் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையிலான மூலக்கூற்று ஈர்ப்புத்தான் உடலைத் தாங்குகிறது. பசை எதுவும் சுரப்பதில்லை. கண்ணுக்கு இமை இல்லாததால் தூசு படிந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள், அதுவும் சாமிப் படத்துக்குப் பின்னாலோ சுவர் வெடிப்பிலோ.

பல்லியைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் ஆசை காணொளிகள் வழியாக மலைநாட்டுக்கும் வந்திருக்கிறது. அவற்றில் அதிகம் தோன்றுவது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களுக்கு உரியது. இமை உண்டு, சுவரேறத் தெரியாது, வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதை வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலை 32 பாகை செல்சியஸ் அளவில் சூடாகவும் மறு மூலை 25 பாகையை ஒட்டியும் இருக்க வேண்டும். உயிருள்ள பூச்சிகளுக்குக் கல்சியம் தூள் தடவிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு வளைந்துவிடும். சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலேயே மார்கழி இரவுக்கு இந்தச் சூடு இல்லை. 1,200 மீற்றரைத் தாண்டும் பண்டாரவளையையும் அதற்கும் மேலே உள்ள ஹப்புத்தளையையும் சொல்லவே வேண்டாம். உடல் குளிர்ந்தால் பல்லிக்கு இரை செரிக்காது. அடிக்கடி கரண்ட் போகும் லயத்தில் சூடேற்றியை நம்பி இந்த உயிரை வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை. தவிர, வெளிநாட்டு ஊர்வனவற்றை இலங்கைக்குள் கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்து பிடித்து வளர்க்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதைத் திருத்திய 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமும் உள்நாட்டு ஊர்வனவற்றில் பெரும்பாலானவற்றைக் காக்கின்றன. இந்த ஊர்கள் அடங்கிய ஊவா மாகாணத்தில் காக்க வேண்டியவையும் நிறைய உண்டு. தேயிலை மலைகளுக்கு இடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில், பாறையிலும் மரப்பட்டையிலும் பகலில் திரியும் சின்னஞ்சிறு பல்லிகள் நெமாஸ்பிஸ் வகையைச் சேர்ந்தவை. இலங்கையில் 30க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் இந்தத் தீவுக்கே உரியவை. அவற்றில் ஒன்றான நெமாஸ்பிஸ் லதாவை 2007 இல் விவரித்தபோது ஆய்வாளர்கள் வைத்திருந்த மாதிரி பண்டாரவளைப் பகுதியைச் சேர்ந்தது. கீழே மொனராகலை மாவட்டத்து நில்கல பாறைக் குகைகளில் இன்னொரு அதிசயம்: 1953 இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்த பொன்பல்லி. முட்டைகளைப் பாறைச் சுவரில் கூட்டமாக ஒட்டிவைக்கும். பொரித்த பின்னும் ஓட்டின் வெள்ளைத் தடம் அங்கேயே இருக்கும். இதன் ஒரே நெருங்கிய சொந்தம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆந்திரத்திலும் வட தமிழகத்திலும் வாழும் தங்கப் பல்லி.

ஆகவே ஊவா வீட்டில் பல்லியைப் பராமரிப்பது என்பது சுவரில் இருப்பதை ஒழுங்காக இருக்கவிடுவதுதான். அதற்குத் தீனி வைக்கத் தேவையில்லை. விளக்குக்கு வரும் ஈசலும் அந்துப்பூச்சியும் போதும். நுளம்பையும் பிடிக்கும், ஆனால் டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், வீட்டுப் பல்லி வேட்டைக்கு வருவது இரவில். ஆகவே இஸ்தோப்பில் தேங்கிய தண்ணீரைக் கொட்டும் வேலை மனிதருக்கே மிச்சம். பல்லி விழுந்த சோறு நஞ்சு என்று பாட்டிமார் சொல்வது பாதி சரி. பல்லியிடம் விஷம் கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். கறுப்பு உருண்டை, நுனியில் வெள்ளைப் பொட்டு: அடுப்படித் தட்டில் அதைப் பார்த்தால் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கறிச்சட்டிக்கு மூடி போட வேண்டும். பல்லியைத் தொட்டால் கையையும் கழுவ வேண்டும். தலையில் விழுந்தால் என்ன பலன் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

கதவிடுக்கில் அகப்பட்டு வால் அறுந்தால் மருந்து எதுவும் தேவையில்லை. வால் மறுபடி முளைக்கும். முன்பிருந்த முள்ளெலும்புகளுக்குப் பதிலாக ஒரு குருத்தெலும்புக் குழல் மட்டுமே உள்ளே இருக்கும். பூச்சிமருந்து அடிப்பது பல்லியின் இரையைக் கொல்லும், பல்லியையும் பாதிக்கும். ஆனால் உண்மையான ஆபத்து எலிக்கு வைக்கும் பசை அட்டை. ஒட்டிக்கொண்ட பல்லியைப் பிடித்து இழுத்தால் தோல் உரிந்து வந்துவிடும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கால்விரல்களைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை இளகி, அது தானாகவே கழன்று வரும். பல்லி உள்ள அறையில் எலி பிடிக்க வேண்டியிருந்தால் பசை அட்டையை விட்டுவிட்டுக் கூட்டுப்பொறியை வையுங்கள்.